தாயின் விருப்பத்தின் பேரில்

மூன்று ஆஸ்பத்திரிகளை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சிங்கப்பூர் கிளமெண்டி வீட்டின் சாப்பாட்டு மேசையருகே கால் நீட்டி உட்கார்ந்து, "இதுதான், முடிவு பண்ணிட்டேன்" என்று நிவேதிதா சொன்னபோது அவளுக்கு ஐந்தாம் மாதம். கணவன் வெங்கடேஷ் உடனே தலையாட்டினான்.

"நீ சொன்னா சரிதான் நிவி. வயிறு உன்னோடது. நான் வெறும் டிரைவர்."

"நம்மகிட்ட காரே இல்லையே."

"அதனாலதான் சொல்றேன், எனக்கு வேலையே இல்ல."

அவள் சிரித்தாள். சிரிக்க வைத்தே நான்கு வருடத்தை ஓட்டிவிட்டவன் அவன். அவளுக்கு மாலை ஷிப்ட் இருக்கும் நாட்களில் கிளமெண்டியிலிருந்து அவள் வேலை பார்க்கும் சாங்கி விமான நிலையம் வரைக்கும் ரயிலேறி வந்து, பேருந்து நிறுத்தத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியோடு நிற்பான். "இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்பான். இந்தத் தீவின் அந்தக் கோடியில் அவனுக்கு என்ன வேலை இருக்க முடியும்?

அம்மா இருந்திருந்தால் நிவேதிதா தலைப்பிரசவத்துக்குக் கரூர் போயிருப்பாள். அம்மா இல்லை. கர்ப்பப்பையில் கட்டி என்று ஒரு செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்குப் போன அம்மா, மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை. நிவேதிதாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. பச்சை உடுப்பு, சக்கரம் வைத்த கட்டில், தானாக மூடிக்கொள்ளும் இரட்டைக் கதவு, இதெல்லாம் இன்றைக்கும் சினிமாவில் வந்தால்கூட அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அப்பா முத்துசாமி ஊரில் தனியாக இருந்தார். அவருக்கே சமைத்துப் போட ஆள் இல்லை. ஆகவே பிரசவம் சிங்கப்பூரில்தான் என்று ஆயிற்று. இருவருமே வேலை அனுமதியில் வந்தவர்கள். குடிமக்களுக்கு உள்ள சலுகை அரசு ஆஸ்பத்திரியிலும் அவர்களுக்குக் கிடையாது. அப்புறம் என்ன, மனசுக்குப் பிடித்த தனியார் ஆஸ்பத்திரியாகவே பார்த்துவிடலாம் என்று கிளம்பினார்கள்.

முதல் ஆஸ்பத்திரி ஹோட்டல் மாதிரி இருந்தது. சுற்றிக் காட்டிய பெண், தலையணையில் எத்தனை வகை இருக்கிறது என்பதைப் பற்றியே பத்து நிமிடம் பேசினாள். இரண்டாவதில் டாக்டர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே இவளிடம் பேசினார். மூன்றாவதில்தான் டாக்டர் லிம் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய சீனப் பெண்மணி. நாற்காலியை முழுசாக இவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, "எதுக்குப் பயப்படறே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பயமா என்று கேட்கவில்லை, எதற்கு என்றுதான் கேட்டார். நிவேதிதா அம்மாவைப் பற்றிச் சொன்னாள்.

"அவசியம் வந்தாலொழிய உன்மேல கத்தி படாது" என்றார் டாக்டர். "குழந்தை தனக்குத் தோணும்போது வரட்டும். நாம காத்திருப்போம்."

வெளியே வந்ததும் வெங்கடேஷ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் நிலையம் வரைக்கும் விடாமலே நடந்தான்.

மாமியார் கமலா எட்டாம் மாதம் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கினாள். ஒரு பெட்டி நிறையப் பருப்புப் பொடியும் பூண்டு லேகியமும், இன்னொரு பெட்டியில் துவைத்து மடித்த பழைய வேட்டித் துணிகள். கணவர் கோவிந்தசாமி போன பிறகு அவளுக்கு எல்லாமே மகன்தான். அவளைக் கெட்டவள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. வந்த அன்று சாயங்காலமே மருமகளின் வீங்கிய பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். "அம்மா இல்லாத பொண்ணு" என்று சொல்லும்போது அவள் குரல் நிஜமாகவே தழுதழுக்கும்.

ஆனால் நிவேதிதாவின் நட்சத்திரம் ஆயில்யம். ஆயில்யத்துப் பெண் வீட்டுக்கு வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று நம்புகிறவர்கள் ஏராளம். இந்த ஒரு காரணத்துக்காகவே மூன்று வரன்கள் தட்டிப் போயின. கமலாதான் 'பரவாயில்லை' என்றாள். அந்தப் பரவாயில்லையை நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டும் இருந்தாள். வருடா வருடம் இங்கே வந்து தங்கும் நாட்களில், கும்பகோணத்துத் தங்கையிடம் போனில் பேசும்போது மருமகள் காதில் விழும்படியாகவே பேசுவாள்.

"நல்லாத்தான்டி பாத்துக்கறா. குறையே சொல்ல முடியாது. முட்டிதான் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. என்ன பண்றது, தெரிஞ்சுதானே கட்டிக்கிட்டு வந்தேன்."

சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். அதனால் பதில் சொல்லவும் முடியாது.

கமலா வந்த இரண்டாம் வாரம் சுப்பிரமணியம் ஜோசியரின் போன் வந்தது. டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி, கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் நாளாம். இரண்டுமே வேண்டாம் என்றார். அதற்கு ஒன்பது நாள் முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை இருக்கிறது. அன்று காலை எட்டு இருபதுக்கு ஆயில்யம் விலகி மகம் வருகிறது. பத்தரைக்கு ராகு காலம். நடுவில் ஒன்பது ஐந்திலிருந்து ஒன்பது ஐம்பதுக்குள் குழந்தையை எடுத்துவிட்டால் யோக ஜாதகம்.

டாக்டர் லிம் கேட்டுவிட்டு மெல்லத் தலையை ஆட்டினார். காரணமில்லாமல் நாளுக்கு முன்கூட்டியே வயிற்றைக் கிழிக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் கமலா பொருமினாள்.

"காசு குடுத்துப் போற ஆஸ்பத்திரி. வெளிச்சம் எப்படி வேணும், பாட்டு வேணுமா, எந்த ரூம் வேணும்னு எல்லாம் கேக்கறாங்க. நேரம் மட்டும் கேக்க மாட்டாங்களாமா?"

"அத்தை, கேட்டையோ மூலமோ, அது வர்றப்ப வரட்டுமே."

"உனக்கென்னம்மா, நீ சொல்லுவ" என்றாள் கமலா.

அந்தச் சனிக்கிழமை தேக்கா சந்தையில் கீரைக் கடை முன்னால் கமலாவுக்கு சுசீலா கிடைத்தாள். மூன்று தலைமுறையாகச் சிங்கப்பூரிலேயே இருக்கும் குடும்பம், பேச்சின் நடுவே ஊர் வழக்கப்படி ஒரு 'லா' விழும். கமலா சிங்கப்பூர் வரும்போதெல்லாம் காளியம்மன் கோயிலில் பார்த்துப் பார்த்துப் பழக்கமானவள். கமலா மனக்குறையைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் கையை வீசினாள்.

"யாரு முடியாதுன்னு சொன்னா? டவுன்ல ஒரு ஆஸ்பத்திரி இருக்கு, அந்த டாக்டர் கேப்பாரு லா. போன வருஷம் என் மருமகளுக்கு டைம் எழுதிக் குடுத்தோம். டாண்ணு பத்து பன்னெண்டுக்கு எடுத்துட்டாங்க. சீனருதான், ஆனா அவங்களுக்கும் நல்ல நாளு நல்ல நேரமெல்லாம் உண்டு, புரிஞ்சுக்குவாரு."

கீரைப் பையைப் பிடித்துக்கொண்டு நின்ற நிவேதிதா, "அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

"யாரு, டாக்டரா? அதான் சொன்னேனே."

"இல்ல, உங்க மருமக."

சுசீலா ஒரு முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்துக்கொண்டே, "அவள யாரு கேட்டா?" என்றாள். கமலாவும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதற்கப்புறம் பத்து நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை. கமலா வற்புறுத்தவில்லை, சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். வற்புறுத்தும் வேலையை வெங்கடேஷ் எடுத்துக்கொண்டான். அதையும் அன்பாகவே செய்தான். அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டே, அவளுக்குப் பிடித்த மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்து தட்டில் போட்டுக்கொண்டே பேசினான்.

"அம்மா நேத்தும் ராத்திரி சாப்பிடல நிவி."

"எத்தனையோ பேர் ஆசைப்பட்டே பண்ணிக்கறாங்க. அரை மணி நேர வேலை."

"உங்கம்மாவுக்கு ஆன மாதிரி ஆகாதுடா. இது சிங்கப்பூர். நான் பக்கத்துலயே நிப்பேன்."

அவள் அழுதாள். அவளைக் கட்டிக்கொண்டு அவனும் அழுதான். விஷயம் அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள். மறுநாள் காலை, "யோசிச்சியா?" என்றான்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் 'சரி' என்று சொன்னாள். யாரும் அவளைச் சம்மதிக்க வைக்கவில்லை, அவள் களைத்துப் போயிருந்தாள். அவன் அவள் நெற்றியில் முத்தமிட்டான். ஆற வைத்த காப்பி ஆறுவதற்குள், வாசல் நடைபாதையில் நின்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் செய்துகொண்டிருந்தான்.

டாக்டர் லிம்மிடம் பரிசோதனைக் காகிதங்களை வாங்கப் போனபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மனசு மாறினா ஒரு மெசேஜ் அனுப்பு. எந்த நாளா இருந்தாலும் சரி" என்று மட்டும் சொன்னார்.

புது ஆஸ்பத்திரியின் டாக்டர் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அறுவை அறை. அடுத்த அறையில் இளம் மலாய்த் தாதி ஒருத்தி படிவத்தை நிரப்பினாள். பெயர், வயது, ரத்த வகை எல்லாம் எழுதிவிட்டு, அறுவைக்கான காரணம் என்ற இடத்துக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தாள்.

"மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அப்ப 'தாயின் விருப்பத்தின் பேரில்'னு போடணும். இது உங்க சொந்த விருப்பம்தானே?"

வெங்கடேஷ் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். நிவேதிதா அவனையே பார்த்தாள். அவன் நிமிரவில்லை.

"ஆமா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை மதியம். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பை கட்டி முடித்தாகிவிட்டது. கமலா பூஜை அலமாரியிலிருந்து ஒரு தாளை எடுத்து வந்தாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது.

"ஜோசியர் கைப்பட எழுதினது. ஊர்லேர்ந்து வந்தவங்ககிட்ட குடுத்து அனுப்பிச்சிருக்கார். குங்குமப் பொட்டலத்தோட பையில வை. சாமி துணைக்கு இருக்கட்டும்."

இதுவரை போனில் கேட்ட சங்கதிதான். எழுத்தில் இன்றைக்குத்தான் பார்த்தாள். தேதி, கிழமை, அதற்குக் கீழே 'கும்பகோணம், சூரிய உதயம் 6.03'. அதற்கும் கீழே அந்த ஒன்பது ஐந்தும் ஒன்பது ஐம்பதும்.

நிவேதிதா சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் ஆறு வருடமாக வேலை பார்ப்பவள். திருச்சியிலிருந்து கிளம்பும் பூக்கூடை இங்கே எத்தனை மணிக்கு இறங்கும், துபாய் விமானத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒவ்வோர் ஊரின் மணியையும் சிங்கப்பூர் மணிக்கு மாற்றி மாற்றியே அவள் பொழுது போகும். 6.03 என்ற எண்ணில் அவள் கண் நின்றது. சிங்கப்பூரில் ஏழு மணியாகாமல் சூரியன் எங்கே உதித்தது?

அடுத்த நொடி எல்லாம் விளங்கிவிட்டது. இது ஊர் மணி. இங்கே இரண்டரை மணி நேரம் கூட்ட வேண்டும். ஜோசியர் தன் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொன்னார். இவர்கள் அப்படியே சிங்கப்பூர்க் கடிகாரத்தில் ஏற்றிவிட்டார்கள். ஆயில்யம் விலகுவது இங்கே காலை பத்து ஐம்பதுக்கு; நல்ல நேரம் தொடங்குவதே பதினொன்று முப்பத்தைந்துக்குத்தான். நாளைக்கு ஒன்பதேகாலுக்குக் குழந்தையை எடுத்தால், அது சுத்தமான ஆயில்யம்.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "என்னம்மா?" என்றாள் கமலா. "ஒண்ணுமில்ல அத்தை, உதைக்குது" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடியில் பார்த்தால் முகம் மலர்ந்திருந்தது. நாளைக்கு இல்லை! அந்த இரட்டைக் கதவுக்குள் போக வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, நின்றபடியே டாக்டர் லிம்மின் கிளினிக்குக்கு மெசேஜ் அனுப்பினாள். 'நான் திரும்பி வரலாமா?'

நாலு மணிக்கே அலுவலகத்தில் அனுமதி வாங்கி வந்த வெங்கடேஷை மேலே வரவிடாமல், அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையிலேயே நிறுத்தினாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. போனை எடுத்துச் சிங்கப்பூருக்கான பஞ்சாங்கத்தைத் தேடிப் பார்த்தான். முகம் வெளுத்துப்போயிற்று. எழுந்துபோய், தூண் மறைவில் நின்று ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்தான்.

"பதினொன்றரைக்கு டாக்டருக்கு வேற ஆபரேஷன் இருக்காம். மாத்த முடியாதாம்."

"விடுங்க, நல்லதாப் போச்சு. வேணாம்னு சொல்லிடலாம். நான் டாக்டர் லிம்மையே பாத்துக்கறேன்."

அவன் காப்பிக் கோப்பையை மேசைமேல் அரை வட்டம் திருப்பினான். "அம்மாகிட்ட சொல்லாத நிவி."

"சொல்லாம எப்படி நிறுத்தறது?"

"நிறுத்தறதா? நாளைக்குக் காலைலம்மா! அம்மா ஊரெல்லாம் சொல்லியாச்சு. இப்பப் போய் நான் தப்பா புக் பண்ணிட்டேன்னு சொன்னா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க. ஜோசியர், வேற நாளு, பட்டினி, அழுகை. என்னால முடியாது."

"ஒன்பதேகாலுக்கு எடுத்தா அது ஆயில்யங்க. எதுக்குப் பயந்தாங்களோ அதேதான்."

"அது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?"

பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் சதுரங்கக் காய்களை 'டொக் டொக்'கென்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நீங்க இதை நம்பவே இல்லையா?"

"நானா? நான் எப்ப நம்பினேன்? ஜாதகமாவது ஒண்ணாவது! உனக்கே தெரியுமே."

அதைக் கேட்டு அவள் ஆறுதலடைவாள் என்று அவன் நினைத்தான் போலிருக்கிறது. லேசாகச் சிரித்துக்கூட வைத்தான். அவன் நம்புகிறவனாக இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. பயந்துபோய்க் கேட்டான் என்றால் மன்னித்திருப்பாள்.

"அப்ப என்னை எதுக்கு வெட்டணும்?"

"அப்படியெல்லாம் பேசாத. அம்மாவோட நிம்மதிக்கு. அரை மணி நேரம் நிவி. அப்புறம் எல்லாருக்கும் மறந்துடும்."

அவள் எழுந்து லிப்ட்டை நோக்கி நடந்தாள். பின்னாலேயே வந்து, "நிவி, ப்ளீஸ்" என்றான். கதவு மூடும்வரை அவள் அவனைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. மேலே போய் அத்தையிடம் சொல்லிவிடப் போகிறாள். நம்புகிறவள் அத்தை ஒருத்திதானே. கேட்ட மாத்திரத்தில் அவளே நாளைக்கு வேண்டாம் என்று குதிப்பாள். இந்த வீட்டில் தன்னைக் காப்பாற்றக்கூடியவள் மாமியார்தான் என்று நினைக்கவே வேடிக்கையாக இருந்தது.

கமலா சோபாவில் உட்கார்ந்து, ஒரு சாண் நீளமுள்ள வெள்ளைச் சட்டையை நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, ஒரு விஷயம்."

"நானும் ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இப்படி உக்காரு." கமலா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்றாளேன்னு உனக்கு என்மேல வருத்தம் இருக்கும். இருக்காதா பின்னே? மனசுல வச்சுக்காதம்மா. உன்ன ஆயில்யம்னு தெரிஞ்சுதான் ஏத்துக்கிட்டேன். மருமகள்னா ஏத்துக்கலாம். இது என் வீட்டு ரத்தம். ஆயில்யமோ மூலமோ கேட்டையோ ஆயிருந்தா, என்னால அதை மனசாரத் தூக்கியிருக்க முடியாது. கை தூக்கும். மனசு தூக்காது. எனக்கு வேஷம் போடத் தெரியாது, ஆமா. ஒவ்வொரு தும்மலுக்கும் எனக்கு அந்த நட்சத்திரம்தான் ஞாபகம் வரும்."

நிவேதிதாவின் மறு கையில் இருந்த போன் அதிர்ந்தது. டாக்டர் லிம்மின் பதில். 'தாராளமாக வா. நாளை பத்து மணிக்கு வந்து பார்.'

"நீ என்ன சொல்ல வந்தே?" என்றாள் கமலா.

நிவேதிதா கையை விடுவித்துக்கொள்ளாமலே மனசுக்குள் விரல் விட்டு எண்ணினாள். நாளைக்கு நிறுத்தினால் குழந்தை எப்போது வரும்? மகம், பூரம், உத்திரம் என்று எண்ணிக்கொண்டே போனால் ஒன்பதாம் நாள் கேட்டை, பத்தாம் நாள் மூலம். டாக்டர் குறித்த தேதியே அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தது. முந்தியும் வரலாம், பிந்தியும் வரலாம்; யார் கண்டார்கள்? அப்படியே நல்ல நாளாக வந்தாலும், அதுவரைக்கும் அத்தை சும்மா இருப்பாளா, இன்னொரு நேரம் குறித்து வாங்க மாட்டாளா? நாளைக்கே நடந்துவிட்டால் கமலாவைப் பொறுத்தவரை குழந்தை மகம். மனசாரத் தூக்குவாள்.

சிரித்துக்கொண்டே குத்துகிற குத்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். முட்டி வலித்தால், பால் பொங்கி வழிந்தால், பேருந்து தவறிப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரு பார்வை. அவள் வளர்ந்த பெண், நான்கு வருடமாகத் தாங்கிக்கொண்டாள். தவழ்கிற ஒன்று அந்தப் பார்வையை எங்கே கொண்டுபோய் வைக்கும்?

"ஒண்ணுமில்ல அத்தை" என்றாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு எழுந்திருக்கணும்னு கேக்க வந்தேன்."

டாக்டர் லிம்முக்கு 'மன்னிக்கவும்' என்று ஒரே சொல்லை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை அதே மலாய்த் தாதிதான் வந்தாள். வழக்கமாகக் கடைசியாக ஒருமுறை கேட்பார்களாம்.

"முடிவுல மாற்றம் எதுவும் இல்லையே? இது உங்க விருப்பம்தானே?"

இந்த முறை நிவேதிதா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. "என் விருப்பம்தான்" என்றாள்.

இரட்டைக் கதவு தானாகத் திறந்து தானாக மூடிக்கொண்டது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகும் தோளும் தாடையும் நிற்காமல் நடுங்கின. மூச்சுக்கு மூச்சு அம்மா முகம் வந்தது. தலைமாட்டில் நீலத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த வெங்கடேஷ் அவள் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டு, காதருகே குனிந்து, "தேங்க்ஸ் நிவி. எனக்காகப் பண்றேன்னு தெரியும். மறக்க மாட்டேன்" என்றான். அவனைத் திருத்த அவளுக்குத் தெம்பு இல்லை. தெம்பு இருந்திருந்தாலும் திருத்தியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

ஒன்பது பதினேழுக்குப் பெண் குழந்தை அழுதது.

கமலாவைப் பிடிக்க முடியவில்லை. வார்டு நடைபாதையில் நின்று ஊருக்கு வீடியோவில், "மகம்டி! ராஜாத்தி! டாண்ணு ஒன்பது பதினேழுக்கு எடுத்துட்டாங்க!" என்று கத்தினாள். முட்டிவலிக்காரி தரையில் மண்டியிட்டுத் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். "இங்க பாரு, மூக்கு என் மூக்கு. நெத்தி தாத்தா நெத்தி. அம்மா சாயல் ஒண்ணுகூட இல்ல." குழந்தையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் அழுததில் துளி வேஷம் இல்லை. நிவேதிதா படுத்தபடி அதைப் பார்த்தாள். அவள் விலை கொடுத்து வாங்கியது வந்து சேர்ந்துவிட்டது. தையல் போட்ட இடம் இருமினால் தீயாக எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கமலா சாப்பாடு கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்த நேரம். வெங்கடேஷ் ஜன்னலோர நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தான். ஜோசியர் பிறகு விரிவாக எழுதித் தருவாராம். அதுவரைக்கும் ஜாதகத்தை இணையத்தில் போட்டு அச்செடுத்துக் கொடு என்று கமலா கேட்டிருந்தாள். கட்டிலிலிருந்து அவளுக்குத் திரை நன்றாகத் தெரிந்தது.

தேதியைப் போட்டான். மணி, 9.17. பிறந்த ஊர் என்ற கட்டத்தில் 'சிங்கப்பூர்' என்று தட்டினான். நட்சத்திரம் 'ஆயில்யம்' என்று வந்தது. கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு ஊரை அழித்துவிட்டு 'கும்பகோணம்' என்று போட்டான். 'மகம்' என்று வந்தது.

"வந்துடுச்சு" என்றான், ஒரு கணக்கைச் சரிசெய்த திருப்தியோடு. "ஜோசியருக்கும் இதையே அனுப்பிடறேன். நம்ம ஊர்க் கணக்குலயே எழுதுங்கன்னு சொன்னா எழுதிடுவார். யாருக்குத் தெரியப் போகுது?"

ஆக அவள் மகள் பிறந்தது கும்பகோணத்தில். மூன்று ஆஸ்பத்திரியும் இல்லை, நான்காவதும் இல்லை, டாக்டர் லிம் இல்லை, அந்தக் கையெழுத்தும் இல்லை. அவள் கல்யாணத்துக்குப் பிறகு மொத்தமாக ஒன்பது நாள் தங்கியிருந்த ஊர்.

தொட்டிலின் தலைமாட்டில் செருகியிருந்த சின்ன அட்டையை அவள் எட்டி எடுத்தாள். அம்மா பெயர், எடை, தேதி, நேரம், சிங்கப்பூர் ஆஸ்பத்திரியின் முத்திரை. அதை மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அவன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். பழைய மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "கோபமா?" என்று கேட்டான்.

"இல்ல."

"சத்தியமா சொல்றேன் நிவி. அடுத்த குழந்தைக்கு நீ சொல்ற ஆஸ்பத்திரிதான், நீ சொல்ற டாக்டர்தான். நான் வெறும் டிரைவர்."

அவள் சிரிப்பாள் என்று அவன் காத்திருந்தான்.

"அடுத்ததுன்னு ஒண்ணு உண்டுன்னு யாருங்க சொன்னா?" என்றாள் நிவேதிதா.

அவன் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு உரக்கச் சிரித்தான். சத்தத்தில் குழந்தை விழித்து அழுதது. அவன் எழுந்து கை நீட்டினான். "வேணாம், நானே தூக்கறேன்" என்று அவள் வயிற்றை ஒரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, தானாகவே எழுந்து உட்கார்ந்தாள்.